கள்ளனுக்கு மினக்கேடு

இழுத்துக்கொண்டு போவதற்கென்றே செய்த ஒரு சாமானை யாரும் இழுத்துக்கொண்டு போகாமல் பார்ப்பதுதான் என் தொழில். இங்கிலாந்தில் இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

நான் சொல்லும் கேரவன், படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறுகிற வண்டி அல்ல. இதற்கு இயந்திரம் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. இரண்டு சில்லிலோ நான்கு சில்லிலோ நிற்கும் ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே. காரின் பின்னால் 50 மில்லிமீற்றர் விட்டத்தில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். கேரவனின் மூக்கில் இருக்கிற கொளுக்கியை அதன்மேல் இறக்கி, முன்னால் இருக்கும் சின்னச் சில்லைச் சுற்றி உயர்த்தி, லைற்றுக்கான வயரைச் செருகினால் பயணம் தொடங்கிவிடும். பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிடம். புதிதாக வாங்கினால் 20,000 பவுண்ஸுக்குக் குறைவாகக் கிடைப்பது கடினம். வசதியானது வேண்டுமென்றால் 40,000-ஐத் தாண்டும். அத்தனை விலை கொடுத்து வாங்குகிற வாகனத்தை ஸ்டார்ட் பண்ண ஒரு திறப்பே தேவையில்லை என்பதை வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை. கள்ளன் யோசிக்கிறான்.

மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பண்ணை. பசுமாடு வளர்த்துக் கட்டுப்படியாகாமல், மேய்ச்சல் நிலத்தில் பாதிக்குச் சரளைக்கல் கொட்டி, கேரவன்களை வருட வாடகைக்கு நிறுத்த விட்டார் பண்ணைக்காரர். இந்த நாட்டில் இப்படி மாறிய பண்ணைகள் ஏராளம். புதிய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டு முற்றத்தில் கேரவன் நிறுத்தக்கூடாது என்று வீட்டு உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருப்பார்கள். அதனால் வருடத்தில் பத்து மாதம் அது எங்காவது நிற்கத்தான் வேண்டும். பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்துகொண்டிருந்த நான், அதே இரவு வேலைதானே என்று இங்கே காவலுக்கு வந்தேன். பிறகு பூட்டுப் போடவும், பழுதான பூட்டைக் கழற்றவும், பற்றறி மாற்றவும் கற்று, இப்போது வீடு வீடாகப் போயும் செய்கிறேன்.

காவலுக்கு வந்த புதிதில் இரவுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். வளவைச் சுற்றி வரும்போதெல்லாம் கையில் ரோச் லைற். ஆனால் கேரவன் களவு பட்டப்பகலிலும் நடக்கிறது. மஞ்சள் மேலங்கி போட்ட இருவர், அழுக்கான ஒரு நான்குசில்லு இழுவைக் கார், கையில் ஒரு கடதாசி மட்டை. அவர்களைப் பார்க்கிற எவருக்கும் சேர்விஸுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றுதான் தோன்றும். ரோட்டில் ஏறிவிட்டால் இன்னும் சுகம். ஈஸ்டர் விடுமுறையில் எல்லா நெடுஞ்சாலையிலும் கேரவன்தான். அதில் எது களவெடுத்தது என்று யார் கண்டார்?

இதற்கெல்லாம் அடியில் இருப்பது கடதாசி விவகாரம். பிரித்தானியாவில் காருக்கு அரசாங்கப் பதிவுப் புத்தகம் உண்டு. சாதாரண கேரவனுக்கு இல்லை. 2019-இல் வெளிநாட்டுக்குப் போகிற இழுவை வண்டிகளுக்கு ஒரு பதிவு முறை வந்தது. அதில் குடும்பப் பாவனைக்கு உள்ளவை 3,500 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் கட்டாயம். வழக்கமான கேரவன் அதில் பாதி எடைகூட வராது. ஆகவே உள்நாட்டில் கேரவனின் பின்பக்கம் மாட்டுவது அதை இழுக்கிற காரின் இலக்கத்தகடுதான். கள்ளன் தன் காரின் இலக்கத்தையே பின்னால் மாட்டிக்கொண்டு போனால், சந்திக்குச் சந்தி இருக்கிற கமராக்கள் அவனைப் படம்பிடித்து, எல்லாம் ஒழுங்கு என்று விட்டுவிடும்.

அரசாங்கம் செய்யாததைத் தொழில்துறை செய்தது. 1992-இல் ‘கிறிஸ்’ என்று ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அன்றிலிருந்து இங்கே செய்யும் கேரவன் ஒவ்வொன்றுக்கும் பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாள இலக்கம். சட்டகத்தில் பொறித்திருக்கும், யன்னல்களின் கீழ்மூலையில் செதுக்கியிருக்கும். 2016 முதல் வரும் வண்டிகளில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மின்னணுச் சிப்புகளும் ஒளிந்திருக்கின்றன. வளவுக்குப் புதிதாக ஒரு கேரவன் வந்தால் நான் முதலில் பார்ப்பது பூட்டை அல்ல, யன்னல் மூலையை.

ஒரு ஒக்ரோபர் மாதம் இளம் குடும்பம் ஒன்று தங்கள் முதல் கேரவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குழந்தை உள்ளே கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. பதிவுக்காக யன்னல் இலக்கத்தை எழுதப்போனேன். முன் யன்னலில் இலக்கம் இருந்தது. பக்க யன்னலில், அது இருக்கவேண்டிய மூலையில் ஒரு பெருவிரல் அகலத்துக்கு மங்கல். இந்த யன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். நுண்ணிய உப்புத்தாள் போட்டு உரஞ்சி, பிறகு பொலிஷ் பண்ணினால் தூரத்திலிருந்து தெரியாது. வெயில் சரிந்து விழும்போது பால் தெளித்த மாதிரி தெரியும். மற்றப் பக்கம் போனேன், அங்கும் அதே மங்கல். முன்னுக்குக் குனிந்து சட்டகத்தைப் பார்த்தேன். இலக்கம் பொறித்த இடத்தில் மட்டும் கறுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு தடிப்பாக இருந்தது. முன் யன்னல் வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஒரு நெடுஞ்சாலைச் சேர்விஸில் (சாரதிகள் இளைப்பாறுகிற தரிப்பிடம்), லொறிகள் நிற்கிற இடத்தில், காசாகக் கொடுத்து. விற்றவருக்கு அவசரமாம், மனைவிக்குச் சுகமில்லையாம். அதற்குமேல் நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பண்ணைக்காரரிடம் சொன்னேன், அவர் பொலிஸுக்குச் சொன்னார். வாசிக்கும் கருவியோடு வந்தவர்கள் உள்ளே ஒளிந்திருந்த சிப்பைப் படித்தபோது வேறு இலக்கம் வந்தது. இந்த நாட்டுச் சட்டத்தில் களவுச் சாமானை எவ்வளவு நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கினாலும் அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது. முதல் சொந்தக்காரருக்குக் காப்புறுதிக் கொம்பனி ஏற்கெனவே பணம் கொடுத்திருந்ததால் வண்டி கொம்பனிக்குப் போனது. அந்தக் குடும்பத்துக்கு எதுவும் போகவில்லை. குழந்தையின் சப்பாத்து ஒன்று உள்ளே கிடந்தது, அதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள்.

இனிப் பூட்டுக்கு வருகிறேன். வெட்ட முடியாத பூட்டு இல்லை. பற்றறியில் ஓடும் கிறைண்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ‘சோல்ட் செக்கியூர்’ என்று பூட்டுகளைப் பரிசோதித்துத் தரம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று உண்டு. அவர்கள் செய்வதும் கள்ளனின் ஆயுதங்களோடு பூட்டைத் தாக்கி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதுதான். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் ஏற ஏற உங்களுக்குக் கிடைப்பது கூடுதல் நிமிடங்கள். அந்த நிமிடங்களில் சத்தம் வரவேண்டும், பொறி பறக்கவேண்டும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கவேண்டும். கள்ளனுக்குப் பயம் பூட்டுமேல் அல்ல, மினக்கேட்டின்மேல்.

கொளுக்கிப் பூட்டு எல்லோரும் வாங்குவது. மலிவானது கொளுக்கியின் வாயை மட்டும் அடைக்கும்: குண்டு உள்ளே போகாது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொளுக்கி சட்டகத்தோடு இரண்டு பெரிய ஆணியால் பொருத்தியது. சாவியைப் போட்டு இரண்டு நட்டைக் கழற்றி, பூட்டிய கொளுக்கியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொண்டுவந்த வேறொன்றைப் பொருத்திக்கொண்டு போகலாம். (யாழ்ப்பாணத்தில் சாவி என்றால் நட்டுக் கழற்றுகிற ஸ்பானர். வாசிக்கிற இந்தியத் தமிழர்கள் குழம்பக்கூடாது.) ஆகவே அந்த ஆணித் தலைகளையும் மூடுகிற பூட்டைத்தான் வாங்கவேண்டும். அதுவும் போதாது. கொளுக்கியே இல்லாமல், சட்டகத்தில் சங்கிலி சுற்றி மெதுவாக இழுத்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். சில்லு சுற்றுகிறவரை கேரவன் போகும். ஆகவே சில்லையும் பிடிக்கவேண்டும்.

சில்லுப் பூட்டில் இங்கே காப்புறுதிக்காரர்கள் அதிகம் விரும்பிக் கேட்பது ‘அல்-கோ செக்கியூர்’. பெரும்பாலான பிரித்தானிய கேரவன்களின் சட்டகமே அல்-கோ கொம்பனியுடையதுதான். சில்லுக்குப் பின்னால், சுழலாத பகுதியில் ஓர் இரும்பு ஏற்பி இருக்கும். சில்லின் கம்பிகளுக்கிடையே இருக்கும் இடைவெளியால் ஒரு பூட்டுத் துண்டைச் செருகி, ஏற்பியில் ஆணியால் முறுக்கி, ஆணித் தலையைப் பூட்டால் மூடினால் சில்லு அசையாது. சில்லின் வடிவத்துக்கேற்பத் துண்டும் மாறும். பழைய வண்டியின் பூட்டைப் புதியதில் போடலாம் என்று வாங்கிவைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். உறுதி என்று பார்த்தால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்லது குறைவு.

ஆனால் அதைப் போடுகிறபாடு! இடைவெளி ஏற்பிக்கு நேரே வந்து நிற்கவேண்டும். ஒரு அங்குலம் தப்பினாலும் துண்டு ஏறாது. அப்போது ஜக் போட்டு வண்டியை உயர்த்தி, சில்லைக் கையால் திருப்பி நேராக்கவேண்டும். நான்கு சில்லு வண்டி என்றால் ஒரு சில்லு நேராக நிற்கும்போது மற்றது கோணலாக நிற்கும். இருட்டில், மழையில், நான்கு மணித்தியாலம் ஓடிவந்த களைப்பில், பிள்ளைகள் காருக்குள் சண்டை பிடிக்க, நிலத்தில் முழங்காலூன்றி அதைச் செய்ய யாருக்கு மனம் வரும்? நாளைக்குப் போடலாம் என்று கேரவனின் முன்பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இந்த வளவில் நான் திறந்து பார்த்த முன்பெட்டிகளில், உறையே பிரிக்காத பூட்டுகள் கிடந்திருக்கின்றன. களவு போனால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது, இரண்டு திறப்பையும் கொண்டுவா, பூட்டு வாங்கின ரசீதைக் கொண்டுவா. பூட்டு முன்பெட்டிக்குள் கிடந்தபடியே வண்டியோடு போய்விட்டது என்றால் கதை அத்தோடு முடிந்தது.

அதனால் பூட்டு விற்கப் போகிற இடத்தில் நான் நேரம் செலவழிப்பது இந்த ஒன்றுக்குத்தான். பகலில், காய்ந்த நிலத்தில், ஒருமுறை சில்லை வடிவாக நேராக்குவேன். அப்போது ரயரின் உச்சியில் எந்த இடம் இருக்கிறதோ அங்கே வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு. அடுத்தமுறை வண்டியை நிறுத்தும்போது ஒருவர் சில்லைப் பார்த்து நின்று, கோடு உச்சிக்கு வந்ததும் கையைக் காட்டினால் போதும். ஜக் தேவையில்லை. ‘மூவர்’ (mover) என்கிற ஒரு சின்ன மோட்டார் பூட்டிய வண்டி என்றால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தானே அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்தலாம். பூட்டுக்குக் கொடுத்த விலையைவிட இந்தக் கோட்டுக்கு மதிப்பு அதிகம் என்று சொல்லி ஒரு கிழவர் எனக்குத் தேநீர் போட்டுத் தந்தார். இரண்டு நிமிடத்தில் போடக்கூடிய சுமாரான பூட்டா, அரை மணித்தியாலம் எடுக்கிற அருமையான பூட்டா என்று என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். காப்புறுதிக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார், ஆனால் முன்பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் நான்.

குளிர்காலம் பூட்டுக்கு எதிரி. ரோட்டில் பனிக்குக் கொட்டுகிற உப்பு திறப்புத் துவாரத்துக்குள் போய் இறுகிவிடும். எண்ணெய் விட்டால் முதலில் சுகமாகத் திரும்பும். பிறகு அந்த எண்ணெயே தூசியைச் சேர்த்துச் சேறாக்கும். நான் கிராபைற் தூள் பாவிக்கிறேன். ஏப்ரலில் விடுமுறைக்குப் புறப்படுகிற காலையில், திறப்பு உள்ளே முறிந்துவிட்டது என்று வருகிற அழைப்புகளுக்கு அளவில்லை. அப்போது நானே கிறைண்டர் எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். ஒரு வீட்டு முற்றத்தில் பட்டப்பகலில் பொறி பறக்கப் பறக்கப் பூட்டை வெட்டினேன். தெருவில் போன ஒருவர்கூட நின்று கேட்கவில்லை. ஒரு பெண்மணி காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

வளவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் கிளுவை வேலியும் படலையும் வைத்துக் காணியைக் காத்ததுபோல இங்கே ஹோதோர்ன் முள்வேலி. அதற்கு உட்புறம் ஒரு அகழி, தோண்டிய மண்ணால் வரம்பு. வேலியை வெட்டினாலும் அகழியைத் தாண்டி கேரவனை இழுக்க முடியாது, படலையால்தான் வெளியே போகவேண்டும். ஆகவே முழுக் கவனமும் படலையில். எங்களிடம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி இலக்கம்; யார் எப்போது திறந்தார் என்று பதிவாகும். இதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கொஞ்சக் காலம் உதவிக்குப் போன வேறொரு வளவில் எல்லோருக்கும் ஒரே இலக்கம். வாடிக்கையாளர் மாறினாலும் இலக்கம் மாறவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று வண்டிகள் வரிசையாக, ஒழுங்காக இலக்கம் அழுத்தி வெளியே போயின. எதையும் உடைக்கவில்லை. பிறகு அங்கே உயர்ந்த கம்பத்தில் கமரா போட்டார்கள், இலக்கத்தை மட்டும் மாற்றவில்லை. கேரவன் வளவுகளுக்கென்று ‘கசோவா’ என்ற சங்கம் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. வளவு தேடுகிறவர்கள் அந்தத் தகட்டைப் பார்க்கட்டும். கூடவே படலையில் நின்று, பழைய வாடிக்கையாளரின் இலக்கத்தை என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்கட்டும்.

வீட்டில் நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது குறைவு. மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்துங்கள், ரோட்டுப் பக்கம் வைத்தால் கள்ளனுக்கு வரவேற்பு. முற்றத்தில் கொங்கிறீற்றில் புதைத்த ஒரு கம்பம், மேலே குண்டு வைத்தது, அதில் கேரவனைக் கொளுவிப் பூட்டலாம். சில்லுகளைக் கழற்றிவிட்டுக் கட்டையில் ஏற்றிவைக்கிற பழைய வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. சில்லு கொண்டுவருகிறவன் இருக்கிறான். குளிர்காலத்தில் மெத்தைகளை வீட்டுக்குள் எடுத்து, திரைச்சீலையைத் திறந்து விடுங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று வெளியிலிருந்தே தெரிந்தால் யன்னலை உடைக்கமாட்டார்கள். கூரையில் பெரிய எழுத்தில் இலக்கம் ஒட்டினால் பொலிஸ் ஹெலிகொப்டருக்குத் தெரியும். கட்டில் பலகைக்குக் கீழே உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். இது காசு செலவில்லாதது.

வண்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற ரக்கர் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. நல்லதுதான், ஆனால் கேரவனின் பற்றறியை நம்புகிற ரக்கர் ஜனவரியில் செத்துப்போகும். தனிப் பற்றறி உள்ளதாக இருக்கவேண்டும். இரும்புக் கொள்கலனுக்குள் தள்ளிவிட்டால் செய்மதிச் சமிக்ஞை கிடைக்காது; வானொலி அலையில் இயங்குகிற வகை அங்கும் பேசும், ஆனால் மாதாமாதம் காசு. ஐபோன் வைத்திருக்கிற பிள்ளைகள் அப்பிள் கொம்பனியின் ஏயர்ராக் (AirTag) ஒன்றை மெத்தைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஏயர்ராக்கே, யாருடையதோ ஒன்று உன்னோடு பயணிக்கிறது என்று கள்ளனின் ஐபோனுக்குச் செய்தி அனுப்பும். அப்பிளுக்கு அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆட்களை யாரும் இரகசியமாகப் பின்தொடரக்கூடாதென்று செய்தது. கேரவனைக் காக்கச் செய்ததல்ல.

2020 கோடையில் வெளிநாடு போகமுடியாமல் சனம் கேரவன் வாங்கத் தொடங்கியது. 2021 டிசம்பரில், பாரமான வண்டி இழுக்கத் தேவைப்பட்ட தனிச் சாரதிப் பரீட்சையையும் எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில்தான் எங்கள் ஆட்களும் கேரவன் விசாரிக்கத் தொடங்கினார்கள். பெற்றோல் ஷெட்டில் என்னோடு நின்ற ஒரு தம்பி போன் எடுத்தான்.

“அண்ணை, ஒரு கேரவன் பாத்து வச்சிருக்கிறன். நாலாயிரம்தான். அஞ்சு வருசப் பழசு, உள்ளுக்கு நல்ல வடிவு.”

“எங்க போய்ப் பாத்தனீ?”

“படத்திலதான் அண்ணை. அவங்கட வீட்டை வரவேண்டாமாம், மோட்டர்வே சேர்விஸுக்குக் கொண்டு வாறமெண்டு சொல்லுறாங்கள்.”

“அஞ்சு வருசப் பழசை நாலாயிரத்துக்கு விக்கிறதுக்கு அவனுக்கென்ன விசரே? வீட்டு அட்ரஸைக் கேள். யன்னல் மூலையில பதினேழு இலக்கம் இருக்கும், எல்லா யன்னலையும் கிட்ட நிண்டு படமெடுத்து அனுப்பச் சொல்லு.”

கேட்டிருக்கிறான். அடுத்தநாள் விளம்பரமே இல்லை. சில மாதம் கழித்து, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடம் அவர் வீட்டு முற்றத்திலேயே போய்ப் பார்த்து, இருவர் படுக்கிற ஒரு பழைய வண்டி வாங்கினான். அந்த அம்மா ஒரு கோப்புக்குள் கிறிஸ் பத்திரம், சேர்விஸ் ரசீதுகள், இரண்டு செட் திறப்பு எல்லாம் அடுக்கிக் கொடுத்திருக்கிறார். பதிவேட்டிலும் விசாரித்துவிட்டுத்தான் காசு கொடுத்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். “அண்ணை, உந்தச் சில்லுப் பூட்டுப் போட அரை மணித்தியாலம் போகுது. ஒருக்கா வாங்கோவன்.” போனேன், கோடு போட்டுக் கொடுத்தேன். மனைவியும் அவனுமாக இரண்டுதரம் செய்து பார்த்தார்கள். போன மாதம் கோவிலில் கண்டபோது, இப்போது எவ்வளவு நேரமெடுக்கிறது என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது அண்ணை,” என்றான். “மனிசிதான் பூட்டுறவ.”